நின்ற இதயம் மீண்டும் துடித்த பின்: சுயநினைவற்ற நோயாளியின் மூளை மீளுமா என்று கணிக்கும் முறை

இதயத் துடிப்பு நின்றுபோய், சி.பி.ஆர். கொடுத்து மீட்கப்பட்டு, வென்டிலேட்டரில் சுயநினைவின்றிக் கிடக்கும் நோயாளியைப் பற்றி உறவினர்கள் முதல் மணி நேரத்திலிருந்தே கேட்பது ஒரே கேள்விதான்: நினைவு திரும்புமா? அதற்கு எப்போது பதில் சொல்லலாம், எதை வைத்துச் சொல்லலாம், எப்போது வாய் திறக்காமல் இருப்பதே சரி என்பவற்றைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாகப் பணிக்கு வரும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் விளக்குவதற்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படிக்க நேர்ந்தால், மருத்துவர்கள் ஏன் மூன்று நாள் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கும் விளங்கும்.

இந்தக் கணிப்பு இரண்டு பக்கமும் தவறலாம். மீள வழியே இல்லாத ஒருவரை மீண்டுவிடுவார் என்று சொல்லிவிட்டால், குடும்பம் வாரக்கணக்கில் வீண் நம்பிக்கையில் கிடந்து தவிக்கும். ஆனாலும் அந்தத் தவறு நாளடைவில் தானாக வெளிப்பட்டுவிடும். மீளக்கூடிய ஒருவரை மீளமாட்டார் என்று சொல்லி உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிவிட்டாலோ, அவர் இறந்துவிடுவார். இறந்துவிட்டதாலேயே நாம் சொன்னது சரியென்று ஆகிவிடும். இந்த இரண்டாவது தவறு யார் கண்ணிலும் படாது. சிகிச்சையை விலக்கும் நடைமுறை உள்ள நாடுகளில், மீட்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்த பின் இறப்பவர்களில் பெரும்பாலானோர் மூளைச் சேதம் மிகுதி என்ற முடிவின் பேரிலேயே இறக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தக் கண்ணுக்குத் தெரியாத தவறை அடைப்பதற்காகவே விதிகள் இவ்வளவு இறுக்கமாக வகுக்கப்பட்டிருக்கின்றன என்பது புரியும்.

மூளைத்தண்டும் புறணியும்

மூளைக்கு இரத்தம் நின்ற பத்துப் பதினைந்து வினாடிகளுக்குள் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் செல்களின் ஆற்றல் இருப்பும் தீர்ந்துவிடும். ஆனால் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. உணர்வுக்கும் சிந்தனைக்கும் இடமான பெருமூளைப் புறணியும், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸும், சிறுமூளையின் புர்கின்ஜி செல்களும், பேசல் கேங்லியா எனப்படும் ஆழ்ந்த முடிச்சுகளும் முதலில் பாதிக்கப்படுகின்றன. மூச்சையும் கண்ணசைவையும் ஆளும் மூளைத்தண்டு அவற்றைவிட நீண்ட நேரம் தாங்கும்.

கட்டிலருகே நாம் செய்யும் சோதனைகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகின்றன. கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குவது மூளைத்தண்டின் வேலை. அது மூன்று நாள் கழிந்தும் திரும்பவில்லையென்றால், அதைவிட எளிதில் கெடக்கூடிய புறணி பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்பாவை நன்றாகச் சுருங்குகிறது என்பதாலோ புறணி நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: மூளைத்தண்டு அனிச்சைச் செயல்கள் இல்லாமை வலுவான செய்தி, இருப்பது மிக மெலிந்த செய்தி.

72 மணி நேரம் என்ற கணக்கு

ஐரோப்பிய மறு உயிர்ப்பிப்புக் கழகமும் ஐரோப்பிய தீவிர சிகிச்சை மருத்துவக் கழகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கியதிலிருந்து குறைந்தது 72 மணி நேரம் கழிந்த பிறகே மூளை மீட்சி பற்றி முடிவெடுக்கச் சொல்கிறது. அமெரிக்க இதயக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடல் வெப்பம் இயல்புக்குத் திரும்பிய பின் குறைந்தது 72 மணி நேரம் என்று கணக்கிட்டது. மூளையைக் காப்பதற்காக நோயாளியின் உடலைக் குளிர்வித்திருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நாளுக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அப்படிப்பட்டவரிடம் பிந்தியதையே பின்பற்றுவது பாதுகாப்பு என்பது என் கருத்து. எப்படியானாலும் 72 என்பது கீழெல்லை. அந்த மணி அடித்தவுடன் முடிவு சொல்லியாக வேண்டும் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. இதய நிறுத்தம் முதலிய காரணங்களால் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த 210 நோயாளிகளை ஆராய்ந்து 1985-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், முதல் பரிசோதனையிலேயே கண்பாவை அனிச்சை இல்லாதிருந்த 52 பேரில் ஒருவர்கூடப் பின்னாளில் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வரவில்லை. அதைப் படித்த தலைமுறை, முதல் நாளிலேயே டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துத் தலையை அசைக்கக் கற்றுக்கொண்டது. பிறகு வந்த ஆய்வுகளில், முதல் 24 மணி நேரத்தில் கண்பாவை அசையாதிருந்தும் நன்றாக மீண்டவர்கள் தென்பட்டார்கள். 2002-க்குப் பின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை பரவலானபோது, அதோடு ஆழ்ந்த மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் சேர்ந்து வந்தன. பழைய அளவுகோல்கள் பல அதற்குப் பின் நம்பத் தகாதவை ஆயின. அமெரிக்க நரம்பியல் கழகம் 2006-இல் என்.எஸ்.இ. என்ற இரத்தச் சோதனைக்கு லிட்டருக்கு 33 மைக்ரோகிராம் என்று வைத்த எல்லை, குளிர்விக்கப்பட்ட நோயாளிகளிடம் பொய்த்துப்போய், ஐரோப்பிய வழிகாட்டுதலில் இன்று 60-க்கு ஏறியிருப்பது இதற்கு நல்ல சான்று.

முதல் நாளில் செய்யத்தக்க வேலை வேறு இருக்கிறது. இதயம் நின்றதற்கே காரணம் மூளை இரத்தக் கசிவா என்று பார்க்க சி.டி. எடுக்கலாம், காய்ச்சல் ஏறவிடாமல் காக்க வேண்டும், இரத்த அழுத்தம், ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம் ஆகியவற்றைச் சீராக வைக்க வேண்டும், நாள்தோறும் நரம்பியல் பரிசோதனை செய்து எழுதி வைக்க வேண்டும். எழுதி வைப்பதற்காகத்தான் அந்தப் பரிசோதனை. தீர்ப்புச் சொல்வதற்காக அன்று. மூளைச்சாவு அடைந்துவிட்ட நோயாளி மட்டும் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அதற்குத் தனிச் சோதனை முறையும் தனிக் காத்திருப்பும் உண்டு.

மயக்க மருந்து கலையும் வரை

கணிப்பைக் கெடுப்பவற்றில் முதலிடம் மயக்க மருந்துக்குத்தான். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மூன்றாம் நாள் முடிந்திருந்த ஒரு நோயாளியைப் பரிசோதித்தேன். நெற்றிப் புருவ எலும்பை எவ்வளவு அழுத்தியும் கை கால் அசையவில்லை. மோசமான அறிகுறி என்று எழுதப் பேனாவைத் திறந்தபோது, பக்கத்தில் நின்ற மூத்த செவிலியர், “சார், மிடாசோலம் நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தானே நிறுத்தினோம்? சிறுநீரும் சரியாக வரவில்லையே” என்றார். நான் பேனாவை மூடினேன். ஆறாம் நாள் அந்த நோயாளி, மூக்கிலிருந்த உணவுக் குழாயை இடக்கையால் குறிபார்த்துப் பற்றி இழுத்தார். கட்டிலருகே நின்ற எங்கள் எல்லாருக்கும் குழாய் போனதில் வருத்தமே இல்லை.

மிடாசோலம் என்ற மயக்க மருந்து நலமான உடலில் சில மணி நேரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். உடல் குளிர்ந்திருக்கும்போதும், கல்லீரல் இரத்த ஓட்டம் குன்றியிருக்கும்போதும் அது மெதுவாகவே சிதையும். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால், மயக்கம் தரும் ஆற்றலுள்ள அதன் சிதைபொருளும் உடலிலேயே தங்கும். இதய நிறுத்தத்தில் இருந்து வந்தவரிடம் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது சர்வ சாதாரணம். ஒரு மருந்தின் அளவு பாதியாகக் குறையும் காலத்தைப் போல ஐந்து மடங்கு காத்திருந்தால் 32-இல் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது பாடநூல் கணக்கு. ஆனால் இந்த நோயாளியிடம் அந்தக் காலம் எவ்வளவு என்பதைப் பாடநூலிலிருந்து எடுக்க முடியாது, தாராளமாக நீட்டித்தே வைத்துக்கொள்ள வேண்டும். புரோப்போஃபால், ரெமிஃபென்டனில் போன்று விரைவில் நீங்கும் மருந்துகளைத் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.

தசைத் தளர்ச்சி மருந்து எஞ்சியிருக்கிறதா என்பதை, மணிக்கட்டு நரம்பில் தொடர்ச்சியாக நான்கு மின் தூண்டல்கள் கொடுத்துக் கட்டைவிரல் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணும் சிறு கருவியால் உறுதி செய்துகொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் விடுவதற்குச் சாக்கே இல்லை. இவற்றோடு குறைந்த உடல் வெப்பம், தாழ்ந்த இரத்த அழுத்தம், குறைந்த சர்க்கரை, சோடியக் கோளாறு, யூரியா அல்லது அம்மோனியா மிகுதி, நோய்த்தொற்று, வெளியே தெரியாமல் மூளைக்குள் ஓடும் வலிப்பு ஆகிய எல்லாவற்றையும் விலக்கிய பிறகே பரிசோதனைக்கு மதிப்பு உண்டு.

கட்டிலருகே பார்க்க வேண்டியவை

முதலில் அசைவைப் பார்க்க வேண்டும். சுயநினைவின் ஆழத்தை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலின் இயக்கப் பகுதியில் சொன்னதைச் செய்தால் 6, வலிக்கும் இடத்தைத் தேடிக் கையைக் கொண்டுவந்தால் 5, வலியிலிருந்து கையை விலக்கினால் 4, முழங்கையை விறைப்பாக மடக்கினால் 3, நீட்டி விறைத்தால் 2, ஒன்றுமே இல்லையென்றால் 1. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2015-இல் 1 அல்லது 2 என்ற மதிப்பெண்ணோடு தொடங்கியது; 2021-இல் அதை 3 வரை உயர்த்தியது. இந்த மதிப்பெண் ஒரு நுழைவாயில் மட்டுமே. மற்றச் சோதனைகளைக் கணிப்புக்காகப் பார்க்க வேண்டியவர் இவர் என்று அது காட்டும். மீளமாட்டார் என்று அது ஒருபோதும் சொல்லாது. 3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அழுத்தலில் முடிவு செய்ய வேண்டாம். நகக்கணுவில் அழுத்தும்போது கை மடங்குவது விலகலா, விறைப்பா என்று குழப்பம் வரும். புருவ எலும்பின் விளிம்பில் அழுத்தி, கை முகத்தை நோக்கி எழும்புகிறதா என்று பார்ப்பது தெளிவு. இரு பக்கமும் பார்த்து, மேலான பக்கத்தின் மதிப்பெண்ணையே எழுத வேண்டும்.

கண்பாவையைச் சோதிக்கும்போது அறை விளக்கைக் குறைத்துவிட்டு, கண்ணிமையை விரலால் மெல்லத் தூக்கி, பலமான வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மயக்க மருந்தில், குறிப்பாக மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகையில், இருப்பவரின் கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கியிருக்கும். அது இன்னும் அரை மில்லிமீட்டர் சுருங்குவது வெறும் கண்ணுக்குத் தெரியாது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலே “அனிச்சை இல்லை” என்று எழுதப்பட்ட சிலரிடம் அது இருப்பது தெரியவரும். தானியங்கிப் பாவைமானி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது தரும் எண்ணை நாளுக்கு நாள் ஒப்பிடலாம், ஆளுக்கு ஆள் மாறாது. கண்புரை அறுவை செய்துகொண்டவரா, கண்ணில் ஏதாவது சொட்டு மருந்து விடப்பட்டதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவிழி அனிச்சையைப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கும்போது, வெண்விழியைத் தொட்டுவிட்டு இமை அசையவில்லை என்று எழுதுபவர்கள் அதிகம். கருவிழியின் மேலேயே, பார்வைக்கு நேரான நடுப்பகுதியைத் தவிர்த்து, மென்மையாகத் தொட வேண்டும். இமையின் மிகச் சிறு துடிப்பும் கணக்கில் வரும். 72 மணி நேரத்திலோ அதன் பின்னரோ கண்பாவை அனிச்சை, கருவிழி அனிச்சை இரண்டுமே இரு கண்களிலும் இல்லாதிருப்பதே வலுவான பாதக அறிகுறி. கருவிழி அனிச்சை மட்டும் இல்லை என்பதைத் தனியாக நம்ப முடியாது, ஏனெனில் எஞ்சிய மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சியும் அதை எளிதில் மறைத்துவிடும்.

தசைத் துள்ளலுக்கு வருவோம். மீட்கப்பட்ட முதல் மூன்று நாட்களுக்குள், முகம், உடற்பகுதி, கை கால் என்று உடல் முழுவதும், 30 நிமிடங்களுக்கு மேல் இடைவிடாது தசைகள் துள்ளிக்கொண்டிருந்தால் அது தொடர் மயோக்ளோனஸ். பாதக அறிகுறிகளில் ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் துடிப்பது அதில் சேராது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963-இல் விவரித்த நிலை ஒன்றில், நோயாளிக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருக்கும், ஆனால் கையை நீட்டும்போதும் பேச முயலும்போதும் தசைகள் வெட்டி வெட்டி இழுக்கும். மயக்க மருந்தின் கீழ் இருக்கும் நாட்களில் இதை அதிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆகவே துள்ளல் உள்ள ஒவ்வொருவருக்கும், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தே ஆக வேண்டும். பின்னணி அலைகள் தொடர்ச்சியாகவும் வெளித்தூண்டலுக்கு மாறுபவையாகவும் இருந்தால், துள்ளலைக் கண்டு நம்பிக்கை இழக்கக் கூடாது.

மின் சோதனைகள்

உடலுணர்வுத் தூண்டல் சோதனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன்; மயக்க மருந்து அதை அதிகம் பாதிப்பதில்லை என்பதே காரணம். மணிக்கட்டில் நடு நரம்பை, கட்டைவிரல் துடிக்கும் அளவுக்கு மின்னால் தூண்டுவார்கள். அந்தச் செய்தி காறை எலும்புக்கு மேலுள்ள நரம்புப் பின்னலைக் கடந்து, கழுத்துத் தண்டுவடத்தைக் கடந்து, ஏறத்தாழ 20 மில்லிவினாடியில் எதிர்ப்புறப் புறணியை அடைந்து ஓர் அலையை எழுப்பும். அதற்கு என்-20 என்று பெயர். 24 மணி நேரத்துக்குப் பிறகு இரு புறமும் இந்த அலை இல்லாதிருப்பது மிக வலுவான பாதக அறிகுறி.

அறிக்கையில் “என்-20 இல்லை” என்ற வரியை மட்டும் படித்துவிட்டு நகராதீர்கள். காறை எலும்பிலும் கழுத்திலும் அலைகள் தெளிவாகப் பதிந்திருக்கின்றனவா என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். கழுத்திலேயே அலை இல்லையென்றால் செய்தி வழியிலேயே நின்றுவிட்டது என்று பொருள். தண்டுவடக் காயமோ நரம்பு நோயோ இருக்கலாம், புறணியைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. அதேபோல் தசை அசைவும் சுற்றியுள்ள இயந்திரங்களின் மின் இரைச்சலும் வரைபடக் கோட்டை மயிர்க்கூச்செறிந்ததுபோல் ஆக்கியிருந்தால், அலை இல்லையா, இரைச்சலில் மூழ்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்து மறுபடி எடுக்க வேண்டும். என்-20 இருக்கிறது என்பதும் நற்செய்திக்கு உறுதியன்று; அது இருந்தும் மீளாதவர்கள் ஏராளம்.

இ.இ.ஜி.யில் பாதகமானவை என்று கருதப்படுபவை, பின்னணி அலைகள் 10 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே அடங்கிக் கிடப்பது, அதன் மேல் சீரான இடைவெளியில் கூர்முனைகள் எழுவது, வெடிப்பும் அடக்கமும் மாறி மாறி வருவது ஆகியவை. 24 மணி நேரத்துக்குப் பிறகும் இவை நீடித்தால்தான் கணக்கு. மயக்க மருந்தே வெடிப்பு-அடக்க வடிவத்தை உண்டாக்கும் என்பதால், மருந்தின் பெயரும் அளவும் தெரியாமல் வாசிக்கப்பட்ட இ.இ.ஜி. அறிக்கையை நான் ஏற்பதில்லை. சீரான கூர்முனைகளை மருந்து கொடுத்து அடக்கினால் நோயாளி மீள்வாரா என்ற கேள்விக்கு, 172 பேரைக் கொண்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இல்லை என்றே விடை சொன்னது. தீவிரமாக மருந்து கொடுக்கப்பட்ட பிரிவிலும் மற்றப் பிரிவிலும் மூன்று மாத முடிவுகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் இரண்டு பிரிவிலும் பத்தில் ஒருவர் அளவுக்கு நன்றாக மீண்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இரத்தமும் படமும்

நரம்புச் செல் சிதையும்போது வெளிவரும் என்.எஸ்.இ. என்ற நொதியை 24, 48, 72 மணி நேரங்களில் அளக்கலாம். 48 அல்லது 72 மணியில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தால் பாதகம். ஒற்றை எண்ணைவிட ஏறுமுகமா இறங்குமுகமா என்பது அதிகம் பேசும். இந்த நொதி சிவப்பணுக்களிலும் தட்டணுக்களிலும் இருப்பதால், இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, இரத்தத்தை உடலுக்கு வெளியே சுற்றவிட்டு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ போன்ற இயந்திரத்தில் அவை சிதைந்தாலோ, எண் பொய்யாக உயரும். சிலவகை நுரையீரல் புற்றுநோயிலும் உயரும். சோதனைக்குழாயில் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்ததா என்று ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சி.டி. படத்தில் சாம்பல்நிறப் பகுதிக்கும் வெண்ணிறப் பகுதிக்கும் உள்ள எல்லை மங்கி, மூளை மடிப்புகளின் இடைவெளி வீக்கத்தால் அடைபட்டிருந்தால் சேதம் பரவலானது. முதல் சில மணி நேரங்களில் எடுத்த படம் இயல்பாகத் தெரிவதில் வியப்பில்லை. எம்.ஆர்.ஐ.யை இரண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் எடுக்க வேண்டும்; அதன் பின் நீர்மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் படங்கள் சேதம் இருந்தும் இயல்புபோல் தோற்றமளிக்கத் தொடங்கும். ஒரு மூலையில் தெரியும் சிறு மாற்றம் போதாது. பரவலான, விரிந்த சேதமே இந்தக் கணிப்பில் எண்ணப்படும்.

இரண்டு ஒத்துப்போனால்தான்

72 மணி நேரம் கழிந்து, குழப்பும் காரணங்கள் எல்லாம் விலக்கப்பட்டு, இயக்க மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழ் இருக்கும் ஒருவரிடம், மேலே விவரித்த பாதக அறிகுறிகளில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால், நல்ல மீட்சி பெரும்பாலும் இராது என்று 2021-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொன்னது. கண்பாவையும் கருவிழியும் சேர்ந்த அனிச்சையின்மை, இரு புற என்-20 இன்மை, பாதக இ.இ.ஜி., உயர்ந்த என்.எஸ்.இ., தொடர் மயோக்ளோனஸ், படத்தில் பரவலான சேதம் ஆகிய ஆறும் அந்தப் பட்டியல். அந்த இரண்டும் வெவ்வேறு வழியாக வந்தவையாக இருந்தால் எனக்கு மனம் அமைதியாகும். கட்டிலருகே பார்த்த அறிகுறியும் இ.இ.ஜி.யும் ஆகிய இரண்டையுமே ஒரே மயக்க மருந்து கெடுத்திருக்கலாம். என்-20 இன்மையும் எம்.ஆர்.ஐ.யும் ஒரே காரணத்தால் பொய்ப்பது அரிது. ஓர் அறிகுறி பாதகமாகவும் இன்னொன்று நம்பிக்கை தருவதாகவும் இருந்தால், பாதகமானதை மட்டும் எண்ணிக் கூட்டக் கூடாது. முரண்பாட்டுக்குக் காரணம் தெரியும் வரை முடிவைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஏன் ஒன்று போதாது? “இந்தச் சோதனை ஒருவரிடம்கூடத் தவறவில்லை” என்று ஆய்வுக் கட்டுரை சொல்லும்போது, எத்தனை பேரிடம் என்று கேட்டுப் பாருங்கள். மீண்டவர்கள் 20 பேர் மட்டுமே அந்த ஆய்வில் இருந்து, அவர்களில் யாரிடமும் சோதனை பொய்க்கவில்லையென்றால், உண்மையான பொய்ப்பு விகிதம் சுமார் 15 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பது புள்ளியியலின் எளிய விதி: 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மேலெல்லை கிடைக்கும். 300 பேர் இருந்தால்தான் அது 1 சதவீதத்துக்கு வரும். போதாக்குறைக்கு, அந்த ஆய்வுகள் பலவற்றில் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கே சோதனை முடிவு தெரிந்திருந்தது. அதைப் பார்த்துச் சிகிச்சையை விலக்கியிருந்தால், சோதனை தன்னைத் தானே நிரூபித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு அறிகுறிகள் சேராதவர்கள் கணிசமானவர்கள். அவர்களுக்குரிய விடை “இன்னும் தெரியவில்லை” என்பதே. அது ஒரு முறையான விடை. சிகிச்சையைத் தொடர்ந்து, சில நாட்கள் இடைவெளியில் மறுபரிசோதனை செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்தும், சிலர் அதற்குப் பிறகும் விழித்து நல்ல நிலைக்கு வந்திருக்கிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்களிடமும் நிறைய மயக்க மருந்து பெற்றவர்களிடமும் இது அதிகம்.

நம்பிக்கை தருபவை

நீண்ட காலம் ஆய்வாளர்கள் கெட்ட செய்தியைத் தேடுவதிலேயே கவனமாக இருந்தார்கள். நல்ல செய்தியைத் தேடும் சோதனைகள் அண்மையில்தான் முறையாகத் தொகுக்கப்பட்டன. 72 முதல் 96 மணி நேரத்தில் இயக்க மதிப்பெண் 4 அல்லது 5 இருப்பது, முதல் மூன்று நாட்களுக்குள் இ.இ.ஜி. பின்னணி தொடர்ச்சியாகவும் இயல்பான உயரத்திலும் திரும்புவது, என்.எஸ்.இ. இயல்பான 17 மைக்ரோகிராமைத் தாண்டாதிருப்பது, எம்.ஆர்.ஐ.யில் சேதம் தெரியாதிருப்பது ஆகியவை மீட்சியை நோக்கிக் கைகாட்டுபவை. இவற்றில் இ.இ.ஜி. எவ்வளவு சீக்கிரம் தொடர்ச்சி பெறுகிறதோ அவ்வளவு நல்லது. இவை உத்தரவாதம் தருவதில்லை. தொற்றோ இதயமோ வேறு வழியில் நோயாளியைக் கொண்டுபோகலாம். காத்திருக்கலாமா என்று தயங்கும் நேரத்தில், காத்திருக்கலாம் என்பதற்கான ஆதாரமாக இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

வீட்டாரிடம் சொல்வதும் குறிப்பேட்டில் எழுதுவதும்

“மீட்சி” என்ற சொல்லுக்கு நாமும் வீட்டாரும் ஒரே பொருள் கொள்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆய்வுகள் ஐந்து படி கொண்ட ஓர் அளவுகோலில் 1, 2 ஆகியவற்றை, அதாவது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையை, நல்ல முடிவு என்கின்றன. 3 என்பது நினைவு இருந்தும் அன்றாடத்துக்குப் பிறர் துணை வேண்டிய நிலை, 4 நினைவு திரும்பாத நிலை, 5 இறப்பு. மூன்றாம் படியை ஏற்கத்தக்க வாழ்வாகக் கருதும் நோயாளிகளும் உண்டு, கருதாதவர்களும் உண்டு. அதை மருத்துவர் தீர்மானிக்க முடியாது. முன்பு அவர் என்ன சொல்லியிருந்தார் என்று வீட்டாரிடம் கேட்டு அறிய வேண்டும்.

கண் திறப்பது பெரிய குழப்பத்தை உண்டாக்கும். நான்காம் நாள் காலை, நோயாளியின் மகள் ஓடி வந்து, “டாக்டர், அப்பா கண்ணைத் திறந்துவிட்டார், இனிமேல் பயமில்லைதானே?” என்று கேட்டால், மறுத்துப் பேசவும் வேண்டாம், ஆமாம் என்று சொல்லவும் வேண்டாம். “கண்ணைத் திறந்திருக்கிறார் அம்மா, நானும் பார்த்தேன். கண்ணைத் திறக்கவைக்கும் பகுதியும் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளும் பகுதியும் மூளையில் வேறு வேறு இடங்கள். நீங்கள் கூப்பிடும் பக்கம் பார்வை திரும்புகிறதா, கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால் அழுத்துகிறாரா என்று தினமும் பார்க்கிறோம். நாளை மறுநாள் இன்னொரு சோதனை இருக்கிறது, அது முடிந்ததும் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்” என்று சொல்லலாம். சதவீதக் கணக்கைக் கேட்காமல் சொல்ல வேண்டாம். எண்ணைச் சொன்னால் அந்த எண் மட்டுமே வீட்டார் மனத்தில் நிற்கும். நாள்தோறும் ஒரே மருத்துவர் பேசுவது நல்லது. காலைப் பணி மருத்துவரும் இரவுப் பணி மருத்துவரும் வெவ்வேறு தொனியில் சொன்ன இரண்டு வாக்கியங்கள் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூளை மீளும் வாய்ப்பு பற்றிய கணிப்பும், சிகிச்சையை விலக்கும் முடிவும் இரண்டு தனித்தனி உரையாடல்கள். முதலாவது மருத்துவக் குழுவின் பொறுப்பு. இரண்டாவது நோயாளியின் விருப்பம், வீட்டாரின் நிலை, அந்தந்த நாட்டின் சட்டம் எல்லாம் சேர்ந்தது. ஒரே அமர்வில் இரண்டையும் பேசி முடித்துவிட வேண்டாம்.

குறிப்பேட்டில் “மோசமான முன்கணிப்பு” என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், அடுத்த மருத்துவர் அதையே நம்பிச் செல்வார். இதயம் மீண்டும் துடித்த நேரம், கடைசி மயக்க மருந்தை நிறுத்திய நேரமும் அளவும், பரிசோதனையின்போது உடல் வெப்பமும் இரத்த அழுத்தமும், சிறுநீரக அளவீடு, தசைத் தளர்ச்சி சோதனையின் முடிவு, இரு பக்க இயக்க மதிப்பெண், இரு கண்களின் அனிச்சைகள், கிடைத்த சோதனைகளும் இன்னும் கிடைக்காதவையும், யாரிடம் என்ன சொல்லப்பட்டது, அடுத்த பரிசோதனை எந்த நாள் எந்த மணிக்கு என்று முழுமையாக எழுதுங்கள். அந்த மணிக்கு வந்து பார்க்கப்போகும் மருத்துவரின் பெயரையும் கீழே குறித்துவிடுங்கள்.